மெடோலார்க் தெருவின் ஒரே மாடிப்படி

லவோன் ஸ்வபோடாவின் வீடு மெடோலார்க் தெருவில் இடப்பக்கமாகப் படுத்திருந்தது. நின்றிருந்தது என்று சொன்னால் பொய். அந்தத் தெருவில் எந்த வீடும் நிற்பதில்லை. வயிறு நிறையத் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படுத்த பசுவைப் போல ஒரு முனையில் கராஜ், மறுமுனையில் படுக்கையறைகள், நடுவயிற்றில் தெருவைப் பார்த்த ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல். இந்த மாதிரி ஒரே தள வீட்டுக்கு ராஞ்ச் வீடு என்று பெயர். பெயரைக் கேட்டால் பத்தாயிரம் மாடு மேய்கிற பண்ணை என்று தோன்றும். மெடோலார்க் தெருவில் மேய்ந்தது எதிர்வீட்டு ஓபலின் முயல் ஒன்றுதான். அதுவும் லவோனின் துலிப் செடிகளில்.

எல்லா வீட்டையும் ஒரே மேஸ்திரி ஒரே வரைபடத்தை வைத்துக் கட்டியிருந்தான். அதனால் அந்தத் தெருவில் யார் வீட்டு விருந்துக்குப் போனாலும், எவ்வளவு குடித்திருந்தாலும், கழிப்பறை எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. நெப்ராஸ்கா சமவெளிக் காற்றுக்கும் அந்த வீடுகளே ஏற்றவை. அந்தக் காற்று ஒருமுறை பக்கத்து ஊர் மாடி வீட்டின் மேல்தளத்தை மட்டும் கழற்றி மூன்று மைல் தள்ளி வைத்துவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். மேலே தூங்கிக்கொண்டிருந்த மாமனார் காலையில் எழுந்து, ஜன்னலைத் திறந்து, புது அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம் சொன்னாராம். மெடோலார்க் தெருவுக்கு வந்தால் மட்டும் அதே காற்று, இங்கே வீடு எதுவும் இல்லை போலிருக்கிறது என்று நினைத்து மேலே கடந்து போய்விடும்.

இத்தனை நல்ல வீட்டில் லவோனுக்கு ஒரே ஒரு குறை. மாடிப்படி இல்லை.

படி என்று பார்த்தால் ஒன்று இருந்தது. சமையலறை மூலையிலிருந்து நிலவறைக்குப் போகும் படி. சூறாவளிச் சங்கு ஊதினால் ஓடி ஒளியவும், பதனம் போட்ட பீன்ஸ் ஜாடிகளை அடுக்கவும் அது போதும். ஒரு பெண்பிள்ளையின் கௌரவத்துக்குப் போதாது.

கௌரவம் என்னவென்றால், பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷ வசந்தத்தில் ப்ராம் நடனம் வரும். அன்று சாயங்காலம் பையன், பெண்ணின் மணிக்கட்டில் கட்டுகிற பூவோடு வாசலுக்கு வருவான். அப்பா படிக்குக் கீழே நிற்பார். பெண் நீளக் கவுனோடு, ஒரு கையைக் கைப்பிடிமேல் ஓடவிட்டு, மேலேயிருந்து மெதுவாக இறங்கி வருவாள். அப்பா அண்ணாந்து பார்ப்பார், பையன் வாயைப் பிளப்பான், அம்மா படம் எடுப்பாள். அந்தப் படம் பிறகு கணப்புக்கு மேலே சட்டம் போட்டு ஏறிவிடும். பெண்ணுக்குக் கல்யாணமாகி, விவாகரத்தாகி, மறுபடி கல்யாணமானாலும் அந்தப் படம் இறங்காது.

லவோன் தன் ப்ராமுக்கு இறங்கியது ஏணியில். அவள் பிறந்தது பண்ணையில், நாலு அறை வீட்டில். பிள்ளைகள் தூங்கியது பரணில். ஏணியில் முகம் முன்னால் இருக்க ஒருவராலும் இறங்க முடியாது. ஆகவே கீழே காத்திருந்த பையன் முதலில் கண்டது அவள் பின்பக்கத்தைத்தான். "ரொம்ப அழகா இருக்கே லவோன்" என்று அவள் திரும்புவதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். அந்த வார்த்தையை அவள் மன்னிக்கவே இல்லை.

தன் பெண்களாவது ஒழுங்காக இறங்கட்டும் என்று அவள் நினைத்தாள். மூத்தவள் பாலெட்டின் முறை வந்தபோது, இருக்கிற படியை வைத்துச் சமாளிக்கலாம் என்று அவளை நிலவறையில் நிறுத்தி மேலே ஏறி வரச் சொன்னாள். புருஷன் எமில் படம் எடுத்தான். முதல் படத்தில் தரைமட்டத்தில் ஒரு கொண்டை. இரண்டாவதில் நெற்றி. மூன்றாவதில் மூக்குவரை. மொத்தத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் யாரோ வயலில் டர்னிப் கிழங்கு பிடுங்குவது போலிருந்தது. அடுத்தவள் ரெனேவுக்கு லவோன் புத்தியைத் தீட்டி, கூடத்தில் பெயின்ட் அடிக்கிற மடக்கு ஏணியை நிறுத்தி, வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். இரண்டாவது படியில் குதிகால் செருப்பு மாட்டி, ரெனே நேரே பையன்மேல் வந்து இறங்கினாள். அவன் மூக்கில் பஞ்சோடு நடனமாடினான். அந்த மூக்கின் மேல் ஏற்பட்ட அக்கறையில்தான் அவன் மருத்துவம் படித்து இன்று ஓமஹாவில் பெரிய மூக்கு டாக்டராக இருக்கிறான் என்பார்கள்.

மிச்சம் இருந்தது ஜோலின் ஒருத்திதான். கடைக்குட்டி. வருகிற மே மாதம் அவளுக்கு ப்ராம். அதைத் தவற விட்டால் லவோனின் வீட்டில் இனி ஒரு பெண்ணும் படியிறங்கப் போவதில்லை.

பனி கொட்டிய ஒரு ஜனவரி மாலை, எமில் மிளகாய் பீன்ஸ் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டிச் சுருளைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தபோது அவள் சொன்னாள்:

"எமில், வீட்டை வித்துடலாம்."

"ஏன், எலி வந்துடுச்சா?"

"மாடிப்படி இருக்கிற வீடா பாத்துப் போயிடலாம்."

எமில் ரொட்டியைக் கீழே வைத்தான். அவன் விதைக் கம்பெனிக்காகப் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவன். பல வருஷத்துக்கு முன் ஒரு கன்றுக்குட்டி அவன் வலது முட்டியில் உதைத்திருந்தது. "என் முட்டியை ஒரு வார்த்தை கேட்டியா?" என்றான்.

"கல்யாணமான நாள்லேருந்து உன் முட்டிக்காகத்தான் வாழ்ந்துட்டு இருக்கேன். இனிமே கொஞ்சம் எனக்காகவும் வாழறேனே."

"படிக்கு நான் விரோதியே இல்ல, லவோன். அது அடுத்தவன் வீட்டுல இருக்கிற வரைக்கும்."

ஜோலின் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அம்மா, எனக்குப் படியெல்லாம் வேணாம். நான் பாட்டுக்கு கராஜ் வழியாப் போய்க் கார்ல ஏறிக்கிறேன்."

"கராஜ் வழியாப் போறதுக்கு நீ என்ன புல்லு வெட்டற மெஷினா? வாயை மூடிட்டுத் தின்னு."

மார்வா ஹின்ஸ் என்கிற வீட்டுத் தரகி கடுகு நிறக் கோட்டோடு வந்தாள். பழைய பெரிய மனிதர்கள் குடியிருந்த பகுதியில் ப்ரூயிட் தம்பதியின் மாடி வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போனாள். கதவைத் திறந்ததுமே லவோனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓக் மரப் படி. பளபளவென்று கைப்பிடி. கடைசி மூன்று படிகள் கவுன் விரிகிற மாதிரி அகலமாகி வளைந்திருந்தன. லவோன் ஏறினாள், இறங்கினாள், ஏறினாள், இறங்கினாள். எமில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

வீட்டுக்காரி மிசஸ் ப்ரூயிட் சாப்பாட்டு அறையில், சரவிளக்குக்கு நேர் கீழே கட்டில் போட்டுப் படுத்திருந்தாள்.

"மேல படுக்கையறை இல்லீங்களா?" என்று எமில் கேட்டான்.

"இருக்கு. ஆனா மேல போய் ரொம்ப வருஷமாச்சு. என் இடுப்பு ஏறாது. என் வீட்டுக்காரரு மேலதான் இருக்காரு, அவரு இடுப்பு இறங்காது." அவள் கைத்தடியால் வெப்பக் குழாயை இரண்டு தட்டுத் தட்டினாள். மேலிருந்து மூன்று தட்டு பதிலாக வந்தது. "காப்பி வேணுமாம். கூடையில கட்டி அனுப்பணும்."

"அப்போ ரெண்டு பேரும் பாத்துக்கறதே இல்லையா?"

"தேங்க்ஸ்கிவிங் பண்டிகை அன்னிக்கு மகனுங்க வந்து தூக்கிட்டு இறங்குவானுங்க. போன தடவை தலை வழுக்கையாயிருந்தது. எனக்கு யாரும் சொல்லவே இல்ல பாருங்க." அவள் பெருமூச்சு விட்டாள். "வித்துட்டு ஒரு ராஞ்ச் வீடு வாங்கப்போறோம்."

"ஒரே தளத்துல இத்தனை வருஷத்துக்கப்புறம் ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகுமா?"

"நீளமாத்தானே இருக்கும்? அவரு அந்த முனை, நான் இந்த முனை."

எமில் மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு முழுப் பிரசங்கம் இருந்தது. லவோன் அதைக் கேட்கவில்லை. அவள் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் பேசியாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை: முதலில் இவர்கள் வீடு விற்க வேண்டும். லவோனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. "இந்தத் தட்டை வீட்டை எந்தப் பைத்தியக்காரன் வாங்குவான்?" என்றாள்.

மார்வா சிரித்தாள். "மிசஸ் ஸ்வபோடா, நீங்க ஞாயித்துக்கிழமை ரெண்டு காரியம் பண்ணுங்க. இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு வாசனையை மட்டும் வீட்டுல வச்சுட்டுப் போயிடுங்க. நீங்களும் போயிடுங்க. வீட்டுக்காரங்க நின்னா வாங்கறவங்களுக்கு வாய் வராது."

அது ஊர் வழக்கம். வீட்டை ஊருக்குத் திறந்து காட்டுகிற நாளில் சொந்தக்காரன் தலை தெரியக் கூடாது. எமிலும் லவோனும் தெருவைக் கடந்து ஓபலின் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அதே அளவு ஜன்னல், அதே இடம், பார்வை மட்டும் எதிர்ப்பக்கம். சுட்ட ரொட்டியெல்லாம் எமிலின் மடியில் இருந்தது.

முதலில் ஒரு கார் வந்தது. பிறகு நாலு. பிறகு தெருமுனை வரை நின்றது. கால்பந்து ஆட்டத்துக்குப் போகிற கூட்டம் வழி தவறி வந்துவிட்டது என்றுதான் லவோன் நினைத்தாள்.

"அதோ பாரு, கால் வராம நடைவண்டியை ஊனிட்டு ஒருத்தி," என்று ஓபல் வர்ணனையைத் தொடங்கினாள். "அடேயப்பா, வாசல்ல ஏற ஒரே ஒரு படிதான்னு கண்டதும் சிலுவை போட்டுக்கறா. அதுக்குப் பின்னாடி இரட்டைப் பிள்ளைக்காரி. மாடியிலேருந்து உருளறதுக்குன்னே ரெண்டைப் பெத்திருக்கா போல. அந்த ஆளு கையில என்ன, நாயா?"

குட்டைக் கால் நீளநாய் ஒன்றைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். அந்த ஜாதி நாய்க்கு முதுகு நீளம், படியேறினால் முறிந்துவிடும். வாசலில் இறக்கி விட்டதும் நாய் வீட்டைப் பார்த்தது. தன்னைப் போலவே இன்னொன்று படுத்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே ஓடியது.

"நாய்க்குக்கூடப் புடிச்சிருக்கு," என்றான் எமில், வாயில் ரொட்டியோடு.

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நாய்தான் பேசுது."

லவோனால் உட்கார முடியவில்லை. தான் வேண்டாம் என்று ஒதுக்கிய சேலையை இன்னொருத்தி எடுத்துப் பிரித்துப் பார்ப்பது போலிருந்தது. ஓபலின் தலைத்துணியையும் கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்து, தன் வீட்டுக்குள்ளேயே விருந்தாளியாக நுழைந்தாள்.

உள்ளே நிற்க இடமில்லை. மாடி வீட்டிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி, சலவை மெஷினும் படுக்கையறையும் ஒரே தளத்தில் இருப்பதைக் கண்டு கைகோத்து நின்றிருந்தார்கள். "அழுக்குத் துணியைத் தூக்கிட்டுப் போயே என் வாழ்க்கை முடிஞ்சுது, கர்ட்டிஸ்," என்று கிழவி கண்ணைத் துடைத்தாள். நடைவண்டிக்காரி கூடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மூன்று தடவை போய்வந்தாள், பந்தயத்துக்குப் பழகுகிறவள் போல. இரட்டைப் பிள்ளைக்காரி சமையலறையில் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு முன் நின்று கணவனைக் கூப்பிட்டாள்.

"இங்க வந்து நில்லுங்க. பின்பக்கம் பிள்ளைங்க தெரியறாங்க. அந்தப் பக்கம் அடுப்பு. இப்படித் திரும்பினா நீங்க கராஜ்ல என்ன ஒளிச்சு வைக்கறீங்கன்னும் தெரியுது. கழுத்தைத் திருப்பினாப் போதும், காலை எடுக்கவே வேணாம்!"

லவோன் அந்தத் தொட்டிக்கு முன்னால் தன் இளமை முழுவதையும் நின்று கழித்தவள். அதைத் தண்டனை என்றே நினைத்திருந்தாள். ராணி மாதிரி நின்று சுற்றிலும் ஆட்சி செய்திருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அப்போது நடைக் கூடத்தில் அளவுநாடா இழுக்கிற சத்தம் கேட்டது. கோட்டும் சூட்டுமாக ஓர் இளைஞன். அவன் மனைவி துண்டு அலமாரியைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்தாள்.

"இந்த அலமாரியை இடிச்சிடலாம்," என்றான் அவன். "கூரையைக் கழட்டி மேல ஒரு தளம் எழுப்பினா நாலு ரூம் கிடைக்கும். மாடிப்படி கரெக்டா இங்கேருந்து ஏறும்."

லவோனின் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றியது போலிருந்தது.

"என்ன ஏறும்?"

"மாடிப்படிங்க."

"இந்த வீட்டுலயா? இந்த அலமாரியிலயா? இது என்ன தெரியுமா? என் மூணு பொண்ணுங்களும் சூறாவளிக்கு நிலவறைக்கு ஓடறப்போ போர்வை எடுத்துட்டு ஓடின அலமாரி! மேல தளம் எழுப்புவீங்களோ? எழுப்புங்க, காத்து வந்து மூணு மைல் தள்ளி வச்சுட்டுப் போகும். அப்புறம் கூடையில காப்பி கட்டி அனுப்பிட்டு இருங்க!"

இளைஞன் பின்வாங்கினான். "மேடம், நீங்களும் வாங்கத்தானே வந்திருக்கீங்க? எதுக்குக் கோபப்படறீங்க?"

"வாங்கவா? ஆமா, வாங்கத்தான் வந்தேன். வாங்கிட்டேன்! எல்லாரும் கிளம்புங்க!"

தலைத்துணி நழுவிக் கழுத்துக்கு வந்தது. மார்வா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தாள். "மிசஸ் ஸ்வபோடா!" என்றாள், ஆவியைக் கண்டவள் குரலில்.

சற்று நேரத்தில் லவோன் புல்வெளியில் நட்டிருந்த விற்பனைப் பலகையைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓபல் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். எமில் கடைசி ரொட்டியில் இருந்தான்.

"வித்துடுச்சா?"

"வாயைத் திறந்தே, பலகையாலயே போடுவேன்."

அவன் திறக்கவில்லை. ஆனால் அவன் தோள்கள் குலுங்கின. ஓபல் தலையணையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு லவோன் பட்ட பாட்டை என்னவென்று சொல்ல. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வீட்டையும் விட முடியாது, படியையும் விட முடியாது. தொட்டிக்கு முன் ராணியாக நிற்பாள். அடுத்த நிமிஷம் கணப்புக்கு மேலே பாலெட்டின் கிழங்குப் படத்தைப் பார்த்து மூக்கைச் சிந்துவாள். மார்ச் போயிற்று. ப்ரூயிட் வீட்டை ஒரு பல் டாக்டர் வாங்கிவிட்டார் என்று செய்தி வந்தது. ஜோலின் லாவெண்டர் நிறத்தில் கவுன் எடுத்தாள். லவோன் அதன் கரையை மடித்துத் தைத்தபடியே, "படியில்லாம இவ்வளவு நீளம் எதுக்கு? தரையைத் துடைக்கவா?" என்று கண்ணீர் விட்டாள்.

"அம்மா, நீ அழறதைப் பாத்தா நான் ப்ராமுக்குப் போகல, போருக்குப் போறேன்னு நினைப்பாங்க," என்றாள் ஜோலின்.

எமில் மட்டும் அந்த நாட்களில் விதை விற்கப் போனவன் இருட்டிய பிறகே வந்தான். சட்டையில் மரத்தூள் இருந்தது. கேட்டால், "சோளம் இந்த வருஷம் ரொம்பக் காய்ஞ்சிருக்கு," என்பான்.

ப்ராம் நடக்கும் சனிக்கிழமை காலை, தெருமுனையில் ஏதோ பெரிதாக உறுமியது. ஓபல் இரவு அங்கியோடு வாசலுக்கு ஓடி வந்தாள். லவோன் எட்டிப் பார்த்தாள். எமிலின் பிக்கப் லாரி. அதற்குப் பின்னால் வைக்கோல் ஏற்றுகிற நீளமான டிரெய்லர். அதன்மேல், கயிறும் சங்கிலியுமாகக் கட்டி, வானத்தைப் பார்த்து ஏறிப்போய் அங்கேயே சட்டென்று முடிந்துபோன ஓர் ஓக் மரப் படி. பளபளவென்று கைப்பிடி. கீழே மூன்று படிகள் வளைந்து விரிந்திருந்தன. இரண்டு பக்கமும் நாலு விவசாயிகள் சாமி ஊர்வலத்தில் தேரைப் பிடித்துக்கொண்டு வருகிற மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

எமில் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி நொண்டியபடி இறங்கினான்.

"அது... அது ப்ரூயிட் வீட்டுப் படி," என்றாள் லவோன்.

"ஆமா. பல் டாக்டர் வீட்டை இடிச்சுட்டு ஒரே தளமா ஆஸ்பத்திரி கட்டறாராம். நோயாளிங்க வலியோட படி ஏற மாட்டேங்கறாங்களாம். இடிக்கிறவனுக்கு இருபது மூட்டை விதைச்சோளம் குடுத்தேன், படியைக் குடுத்துட்டான்."

"இது எங்கே போகுது, எமில்?"

"எங்கேயும் போகல."

"எங்கேயும் போகாத படியை வச்சுட்டு என்ன பண்றது?"

"லவோன், நல்லா யோசிச்சுப் பாரு. உனக்கு இறங்கணும். இறங்கணும்னுதான் இத்தனை வருஷமாச் சொல்லிட்டு இருக்கே. ஏறணும்னு ஒருநாளாவது சொல்லியிருக்கியா? உலகத்துல எல்லாருக்கும் படியில இறங்கத்தான் ஆசை. ஏறத்தான் எவனுக்கும் புடிக்கல. அதனாலதான் நம்ம வீட்டை வாங்க ஊரே வந்துது."

லவோன் போய் அவன் காலரைப் பிடித்து இழுத்து நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்தாள். நாலு விவசாயிகளும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அன்று மாலை ஜோலினைக் கூட்டிக்கொண்டு வர ரஸ்டி என்கிற பையன் வந்தான். கூடைப்பந்து ஆடுகிறவன், பனைமரத்துக்குக் கோட்டு மாட்டியது போலிருப்பான். டிரெய்லரின் பின்பக்கத்தில் எமில் ஏணி சாத்தியிருந்தான். ஜோலின் யாருக்கும் தெரியாமல் அதில் ஏறி உச்சியில் வந்து நின்றாள். அடிக்கிற காற்றில் லாவெண்டர் கவுன் கொடியாகப் பறந்தது.

"அம்மா, சீக்கிரம் எடு! நான் பறந்து கான்சாஸ்ல இறங்கிடுவேன்!"

"வாயை மூடிட்டுச் சிரிச்சுட்டே இறங்கு! கை கைப்பிடி மேல இருக்கட்டும்! எமில், அண்ணாந்து பாரு!"

ஜோலின் இறங்கினாள். எமில் அண்ணாந்து பார்த்தான். இந்தத் தடவை பார்வையில் பிரசங்கம் இல்லை. பனைமரம் வாயைப் பிளந்தது. லவோன் ஒரு பிலிம் சுருள் முழுவதையும் எடுத்து முடித்தாள். படியே வேண்டாம் என்று சொன்ன ஜோலின், "அம்மா, நான் கண்ணை மூடிட்டேன்னு நினைக்கிறேன்," என்று பொய் சொல்லி இன்னொரு தடவை ஏறி இறங்கினாள்.

செய்தி ராஞ்ச் வீடுகளுக்கு எப்படிப் பரவியது என்று தெரியாது. கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் ஓடி வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து மூன்று பேர், அதற்கடுத்ததிலிருந்து ஏழு பேர். ஒவ்வொருத்திக்கும் பின்னால் ஓர் அப்பா, ஒரு காமிரா. பிறந்தது முதல் தட்டை வீட்டில் நடந்தே வளர்ந்த அத்தனை பெண்களும் அன்று மெடோலார்க் தெருவில் வரிசையில் நின்று படியிறங்கினார்கள். கடைசியில் ஓபலும், அறுபத்தாறு வயசில், இரவு அங்கியோடு ஒரு தடவை இறங்கிவிட்டாள். அவளுடைய முயலைக் கையில் வைத்திருந்தாள்.

பிள்ளைகள் கார்களில் கிளம்பிப் போனார்கள். அப்பாக்கள் புல்வெளியில் பீர் பாட்டிலோடு நின்றார்கள்.

"நீ ஏறல?" என்றான் எமில்.

"சீ, எனக்கெதுக்கு. நான் கவுனா போட்டிருக்கேன்?"

"காமிராவைக் குடு. ஏறு."

லவோன் ஏப்ரனை அவிழ்த்துப் போட்டாள். தலைமுடியை ஒதுக்கினாள். ஏணியில் ஏறி, உச்சிப் படியில் காலை வைத்து நிமிர்ந்தாள். வலது கையைக் கைப்பிடிமேல் வைத்தாள். கீழே எமில் காமிராவைக் கண்ணில் வைத்து அண்ணாந்து நின்றான். தெரு முழுவதும் அமைதியாயிற்று. காற்றுகூட, நம்பினால் நம்புங்கள், ஒரு கணம் மூச்சை அடக்கியது.

லவோன் தலையை மெல்ல உயர்த்திப் புன்னகைத்து, தன் ராஜ்யத்தை ஒரு பார்வை பார்த்தாள். அன்றுவரை அந்தத் தெருவில் யாரும் அத்தனை உயரத்தில் நின்றதில்லை. அன்று ஏறிய பெண்களும் கீழே காமிராவைத்தான் பார்த்தார்கள்; யார் கூரையையும் யாரும் மேலேயிருந்து பார்த்ததில்லை.

"எமில்!" என்றாள்.

"சொல்லு, கண்ணே."

"நம்ம கூரை ஓரத்துல மழைத்தண்ணி ஓடற தகர வாய்க்கா இருக்கே?"

எமில் காமிராவுக்குப் பின்னால் முகத்தை இன்னும் கொஞ்சம் மறைத்துக்கொண்டான்.

"அதை வருஷா வருஷம் இலையுதிர்காலத்துல நீ சுத்தம் பண்றேல்ல? பண்ணிட்டு வந்து 'அப்பாடா, இடுப்பு போச்சு'ன்னு என்கிட்ட முதுகுல தைலம் தேய்க்கச் சொல்வேல்ல?"

"அது வந்து, லவோன்..."

"அதுக்குள்ள மேப்பிள் தோப்பே வளந்திருக்கு, எமில்! ஒண்ணு என் இடுப்பு உயரம்! பேஸ்பால் ரெண்டு கிடக்கு. உன் மீன்பிடிக்கிற தொப்பி கிடக்கு. காணாமப் போச்சுன்னு ரெனேவைத் திட்டினியே, அந்தத் தொப்பி! ஒரு பறவை அதுல முட்டையே இட்டு வச்சிருக்கு!"

புல்வெளியில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பீர் பாட்டிலோடு நின்ற ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வீட்டில் அவசர வேலை ஞாபகம் வந்தது. ஆனால் லவோனின் விரல் அதற்குள் திரும்பிவிட்டது.

"ஓபல்! உன் வீட்டுலயும் அப்படித்தான்! உன் ஆளை எங்கேயும் போக விடாதே! அந்தக் கோடி வீடு, அதைச் சொல்லவே வேணாம், அங்க ஒரு டயர் கிடக்கு!"

"டயரா? ஹார்லன்!" என்று கோடி வீட்டிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

எமில் அந்த நேரத்தில் காமிராவின் பொத்தானை அழுத்திவிட்டிருந்தான். பயத்தில் அழுத்தினானா, அன்பில் அழுத்தினானா என்பது அவனுக்கே தெரியாது. அந்தப் படம் கணப்புக்கு மேலே ஏறியது. அதில் லவோன் ஓக் படியின் உச்சியில் நிற்கிறாள். ஒரு கை கைப்பிடியில், மற்றக் கை நீட்டித் தகர வாய்க்காலைக் காட்டிக்கொண்டு, வாய் அகலத் திறந்து, கண்ணில் அத்தனை சந்தோஷம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் மெடோலார்க் தெருவில் ஒவ்வொரு கூரையிலும் ஓர் ஆண் ஏறி நின்றான். லவோன் காப்பிக் குவளையோடு மேல்படியில் உட்கார்ந்து, இடப்பக்கம் இன்னும் கொஞ்சம், வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். படியை எப்போது இங்கிருந்து எடுக்கலாம் என்று எமில் கூரையிலிருந்து கேட்டான்.

"என்ன அவசரம்?" என்றாள் அவள். "எனக்கு மேல் வீடு ரொம்பப் புடிச்சிருக்கு."